யோசனை கூடினால் யோசிக்க ஏலாது

கஜுவில் இருந்து தொடங்குகிறேன்.

2021 ஓகஸ்ட். சிட்னி பூட்டிக்கிடந்த காலம். மேற்குப் பக்கத்தில் இருந்த எங்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கூட. நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் கதிரைகளை எல்லாம் மேசைக்கு மேல் கவிழ்த்துவிட்டு, பார்சல் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு வெள்ளி இரவு. மெஷினில் இருந்து டொக்கெட் வந்துகொண்டே இருக்கிறது. அதில் ஒன்றில் கொட்டை எழுத்தில் "நட் அலர்ஜி" என்று இருந்தது. நான் அதை வாசித்தேன். வாசித்தேன் என்பது இன்றைக்கும் நல்ல ஞாபகம். வாசித்து, கம்பியில் செருகி, திரும்பி, கஜு அரைத்த குழம்பை ஒரு அகப்பை அள்ளி அந்தக் கறிக்குள் ஊற்றினேன். வாசித்ததற்கும் ஊற்றியதற்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை.

பார்சல் கட்டுகிற பிள்ளை, நேபாளத்தில் இருந்து படிக்க வந்தவள், நிறத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளை கஜு இருக்கோ" என்று கேட்டாள். அவள் கேட்காமல் மூடியை அமத்தி அனுப்பியிருந்தால் அன்று இரவு யாருடைய வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது.

பெரிய செஃப் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறியிருக்கும். வேலை முடிந்து கொட்டில் பக்கம் கூப்பிட்டு, "நீ குடிக்கிறியா?" என்று மெல்லமாகக் கேட்டார். நான் குடிக்கிறதில்லை. அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. குடிக்காமல் ஒருவன் இப்படி இருப்பானா?

அது முதல் தடவையும் இல்லை. உப்பு இரண்டு தரம் போட்டது, குளிர் அறைக்குள் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்று விறைத்தது, வென்ற்வேர்த்வில்லில் இறங்கவேண்டியவன் நித்திரை கொள்ளாமல் கண் திறந்தபடியே பிளக்டவுன் வரை போனது என்று ஒரு வருடமாக நடந்துகொண்டுதான் இருந்தது. 2020 இல் மகளுக்கு ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. விடிய எழும்பி அவளோடு கதைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். மறந்துபோனேன். நேரம் பிந்திப்போய் ஞாபகம் வந்தது என்றால் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து மனிசி எடுத்து, "பிள்ளை உங்களிட்டை ஒண்டும் சொல்லவேண்டாம் எண்டவள், ஆனால் நான் சொல்லுறன்" என்று தொடங்கிய பிறகுதான் எனக்கு அப்படி ஒரு பரீட்சை இருந்ததே தெரிந்தது. ஒரு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. அப்போது எனக்கு இருந்தது ஷெவ் விசா. அதில் குடும்பத்தைக் கூப்பிட ஏலாது. ரெலிபோனில் மட்டும் தகப்பனாக இருக்கிறவன் அந்த ரெலிபோனையும் மறந்தால் பிறகு என்ன இருக்கிறது?

எனக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நாற்பத்தொரு வயதில்.

இதில் எனக்குக் கூடுதலான வெட்கம் எதனால் என்றால், ஒரு காலத்தில் என்னுடைய ஞாபகத்தை நம்பித்தான் நான் இருந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம். 2006 ஓகஸ்ட்டில் முகமாலைப் பாதை பூட்டியபோது மூன்றாம் வருடம். அதோடு படிப்பு நின்றது, பிறகு தொடரவில்லை. அது வேறு கதை, எழுதினால் முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் சேதன இரசாயனத்தில் ஒரு தாக்கத்தை ஒருதரம் பார்த்தால் எனக்குக் காணும். கொப்பியைத் திரும்பத் திறக்கமாட்டேன். அப்படி இருந்த மண்டைக்குள் இப்போது "இரண்டு நாண், ஒரு தால்" என்பது நிற்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன், வல்லாரை சாப்பிடச் சொன்னா. பெண்டில் ஹில்லில் வல்லாரை வாங்கலாம். இரண்டு மாதம் சம்பல் போட்டுச் சாப்பிட்டேன். நல்ல கீரைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு இருந்த வருத்தத்துக்கு மருந்து அது இல்லை.

ஜீ.பி.யிடம் போனபோது நான் சொன்னது ஒரே ஒரு வசனம்: எனக்கு மறதி. கவலை என்றோ, அழுகை வருகிறது என்றோ, சாப்பாடு இறங்கவில்லை என்றோ சொல்லவில்லை. அதெல்லாம் வருத்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குடும்பத்தைப் பிரிந்து இருக்கிறவனுக்கு அது இருக்கும்தானே! மறதிதான் வேலையைக் கெடுத்தது. அதற்குத்தான் மருந்து கேட்கப் போனேன்.

எனக்கு ஆங்கிலம் வரும், ஆனால் வருத்தத்தைப் பற்றிக் கதைக்கிற ஆங்கிலம் வராது. டொக்டர் 131 450 க்கு அடித்து மொழிபெயர்ப்பாளரை எடுத்தார். மறுமுனையில் நல்ல மரியாதையான பெண்குரல், தமிழ்நாட்டுப் பக்கம். டொக்டர் ஏதோ கேட்க, அந்த அம்மா என்னிடம், "உங்களால யோசிக்க முடியுதா?" என்றா.

நான் சொன்னேன்: "யோசிக்கிறதுதான் அம்மா பிரச்சினை. இரவு பகலா யோசனைதான்."

அந்த அம்மா டொக்டருக்கு என்ன சொன்னா என்று எனக்கு விளங்கியது. நோயாளிக்கு நன்றாக யோசிக்க முடிகிறதாம்! :) எங்கள் ஊரில் யோசிக்கிறது என்றால் கவலைப்படுகிறது. "அவர் சரியான யோசனை" என்றால் அந்த மனிசன் உடைந்துபோய் இருக்கிறான் என்று அர்த்தம். அந்த அம்மாவுக்கு யோசிக்கிறது என்றால் மூளை வேலை செய்கிறது. ஒரே சொல், இரண்டு பக்கம். நான் அரைகுறை ஆங்கிலத்தில் குறுக்கே விழுந்து, "டூ மச் வொரி, நோ திங்கிங்" என்றேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குத்தான் எனக்கு வைத்தியம் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

முதலில் இரத்தம் எடுத்தார்கள். தைரொயிட், பி12, இரும்புச்சத்து. இவை குறைந்தாலும் மண்டை மந்தமாகும். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிற ஸ்லீப் அப்னியா என்ற வருத்தத்திலும் அப்படித்தான். ஆகவே மறதி என்று போகிறவர்கள், டொக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினால் "காசு பிடுங்குறாங்கள்" என்று நினைக்காதீர்கள். அது தேவையானது. என்னுடையதில் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு தாள் தந்தார்கள். பி.எச்.கியூ-9 என்று பெயர், ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு கிழமையைப் பற்றி. ஆகக்கூடிய புள்ளி 27. எனக்கு 19. அந்த ஒன்பதில் ஏழாவது கேள்வி பேப்பர் வாசிக்கவோ ரீவி பார்க்கவோ மனம் ஒன்றுகிறதா என்பது. எத்தனை மாதமாக நான் ஒரு படத்தை முழுதாகப் பார்க்கவில்லை என்று அந்தக் கேள்வியில்தான் எண்ணிப்பார்த்தேன்.

மேஜர் டிப்ரஷன் என்றார் டொக்டர். கடும் மனச்சோர்வு. நான், "இல்லை, எனக்கு மறதி" என்றேன். அதுவும் இதுதான் என்றார்.

இதை விளங்கிக்கொள்ள எனக்குக் கன நாள் எடுத்தது. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு மூலையில் இருக்கிறது என்றுதான் எங்களில் கனபேர் நினைக்கிறோம். சிந்தனை மந்தமாவது, மனம் ஒன்றாதது, ஒரு சின்ன முடிவுகூட எடுக்க ஏலாமல் நிற்பது எல்லாம் அந்த நோயின் அடையாளங்களாகவே மருத்துவர்களின் கையேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. குசினி வேலை செய்கிறவர்களுக்கு இதை நான் சுகமாக விளங்கப்படுத்துவேன். செஃப் கத்துகிறதில் உன்னுடைய ஓர்டரைப் பிரித்துக் கேட்பது கவனம். மூன்று ஓர்டரை ஒரே நேரத்தில் மண்டைக்குள் பிடித்து வைத்திருப்பது வேலை ஞாபகம். கை எவ்வளவு கெதியாகப் போகிறது என்பது வேகம். எதை முதலில் அடுப்பில் ஏற்றினால் எல்லாம் ஒன்றாக முடியும் என்று கணக்குப் போடுவது திட்டம். மனச்சோர்வு வந்தால் இந்த நாலிலும் கை வைக்கும். ஆளுக்கு ஆள் அளவு வித்தியாசப்படும், சிலருக்கு அவ்வளவாகத் தெரியாது. எனக்கு நாலு அடுப்பில் மூன்றை யோசனை பிடித்துக்கொண்டது. மிச்சம் இருந்த ஒரு அடுப்பில் முழுக்கடையையும் சமைக்கப் பார்த்தேன்.

அறளை என்று நான் பயந்ததும் சும்மா பயம் இல்லை என்று பிறகு தெரிந்தது. லெஸ்லி கைலோ என்ற உளமருத்துவர் 1961 இல் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். மூளை தேய்கிற வருத்தம் மாதிரியே தெரியும், ஆனால் மனச்சோர்வு தெளிய அதுவும் தெளியும், அப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி. போலி மறதிநோய் என்ற கருத்துள்ள ஒரு பெயரையும் அதற்குப் பாவித்தார். இங்கிலாந்தில் இருந்த அந்த மனிதர் பிறகு வந்து பேராசிரியராக இருந்தது எங்கே தெரியுமா, இதே சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில். அந்தப் பெயரை இப்போது மருத்துவர்கள் அவ்வளவு விரும்புவதில்லை. ஏனென்றால் மறதி போலியானது இல்லை. பரிசோதித்தால் உண்மையாகவே தெரியும். வயதானவர்களில் சிலருக்கு இது பின்னால் வரப்போகிற மறதிநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். ஆகவே அறுபது எழுபது வயது அம்மா அப்பாவுக்கு இப்படி என்றால், "கவலையாலைதான்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

உளவியலாளர் எனக்கு வைத்த சோதனைகளில் ஒன்று, இலக்கங்களுக்கு அடையாளம் போடுகிறது. மேலே 1 முதல் 9 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு கீறல் சின்னம். கீழே வெறும் இலக்கங்கள் வரிசையாக. பார்த்துப் பார்த்துச் சின்னத்தைப் போடவேண்டும், மணிக்கூடு ஓடும். சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். நான் பாதியில் பேனையை வைத்துவிட்டு அழுதேன். இரசாயனக் குறியீடுகள் எல்லாம் பாடமாக இருந்த கை அது.

மருந்து செர்ட்ரலின், 50 மில்லிகிராமில் தொடங்கினார்கள். முதல் இரண்டு கிழமை சத்தி வருகிற மாதிரி, வயிறும் சரியில்லை. குசினிக்குள் வெங்காயம் வதக்குகிற மணம் பிடிக்காமல் வெளியே ஓடியிருக்கிறேன். மூன்றாம் கிழமை நித்திரை வந்தது. ஆறாம் கிழமை போல, காலமை எழும்ப ஒரு காரணம் இருக்கிற மாதிரித் தோன்றியது. மகளோடு கதைத்துச் சிரித்தேன். சரி, சுகம் என்று நினைத்தேன்.

ஆனால் டொக்கெட் இன்னும் நிற்கவில்லை!

இதுதான் நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்லவந்தது. கவலை முதலில் போகும். மண்டை பிறகுதான் வரும். சிலருக்கு முழுதாக வராமலும் இருக்கும். 2014 இல் ரொக் என்பவரும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, மனச்சோர்வில் இருந்து தெளிந்தவர்களுக்கும் கவனத்திலும் திட்டமிடுதலிலும் குறை மிச்சம் இருக்கிறது என்று எழுதினார்கள். இதை யாரும் எனக்கு முதலே சொல்லவில்லை. சொல்லாதபடியால் என்ன நடந்தது என்றால், "மருந்து எடுத்தும் மறதி போகவில்லை, அப்ப மருந்து சரியில்லை" என்று நானே நிற்பாட்டினேன். மூன்று கிழமையில் திரும்ப விழுந்தேன். முதல் விழுந்ததைவிட மோசம். இந்த மருந்துகளை நினைத்த மாதிரி ஒரேயடியாக விடக்கூடாது. சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம், ஒரு வருடம் என்று எடுக்கவேண்டும், பிறகு டொக்டரோடு கதைத்து மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். எங்கடை ஆட்கள் பனடோலும் செர்ட்ரலினும் ஒன்று என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், படித்தவன் என்று பெயர்.

மண்டைக்கென்று தனி மருந்து இருக்கிறதா என்று டொக்டரைக் கேட்டேன். வோர்ட்டியொக்செற்றின் என்று ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 600 பேரில் எட்டுக் கிழமை பார்த்த ஒரு ஆய்வு 2014 இல் வந்தது. நான் அழுத அதே இலக்கச் சோதனையில், வெறும் குளிசை எடுத்தவர்களைவிட இந்த மருந்து எடுத்தவர்கள் நன்றாகச் செய்தார்களாம். ஆய்வுக்குக் காசு கொடுத்தது மருந்துக் கொம்பனி என்பதையும் சொல்லவேண்டும். வித்தியாசமும் பெரிய மலை இல்லை. என்னுடைய டொக்டர் மருந்தை மாற்றவில்லை, அளவைத்தான் கூட்டினார். மறுபக்கம், சில மருந்துகளே மண்டையை மந்தமாக்கும். நித்திரைக் குளிசைகள், பழைய அமிற்றிப்ரிலின் போன்றவை. ஊரில் இருந்து யாரோ கொண்டுவந்த குளிசையை நித்திரைக்கு என்று போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். (எந்த யோசிப்பு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.)

மிச்சத்தை எனக்குத் திருப்பித் தந்தது குளிசை இல்லை. நடை, நேரத்துக்கு நித்திரை, ஒரு கொப்பி.

உளவியலாளரிடம் போவதற்கு மெடிகெயாரில் 2006 இல் இருந்து ஒரு வழி இருக்கிறது. ஜீ.பி. ஒரு மனநலத் திட்டம் எழுதித்தந்தால் வருடத்துக்குப் பத்துத் தடவைக்குக் காசில் ஒரு பகுதி கிடைக்கும். கொவிட் காலத்தில் இருபதாக்கியிருந்தார்கள், 2022 முடிவோடு திரும்பப் பத்து. எனக்கு அந்த இருபது அதிர்ஷ்டமாக அமைந்தது. எங்களைப் போல யுத்தத்துக்குள்ளால் வந்தவர்களுக்கென்றே சிட்னியில் ஸ்ராட்ஸ் 1988 இல் இருந்தும், மெல்பேர்ணில் பவுண்டேசன் ஹவுஸ் 1987 இல் இருந்தும் இருக்கின்றன. போனால் "விசர்" என்று பெயர் வரும் என்று போகாதவர்கள் எத்தனை பேர்!

உளவியலாளர் என்னிடம், "எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எழுதி வைக்கிறது ஞாபகம் இல்லாதவன் செய்கிற வேலை. அவர் கேட்டார், உங்கள் குசினியில் எதையெல்லாம் எழுதி வைக்கிறீர்கள் என்று. நான் சொல்லத் தொடங்கினேன். டொக்கெட் கம்பியில். குளிர் அறையில் ஒவ்வொரு வாளிக்கும் செய்த திகதி ஒட்டவேண்டும். குளிர்சாதன வெப்பநிலை கதவில் எழுதவேண்டும். செஃப் ஓர்டர் சொன்னால் நாங்கள் திருப்பிச் சொல்லவேண்டும். சோற்றுக்கு மணி வைக்கவேண்டும். சொல்லிக்கொண்டு போகையிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல குசினி ஒருவருடைய ஞாபகத்தையும் நம்புகிறதில்லை. பத்து வருடமாக அதற்குள் நின்றுகொண்டு, என்னுடைய ஞாபகத்தை மட்டும் நம்பவேண்டும் என்று நின்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அலர்ஜி டொக்கெட் வந்தால் சிவப்புப் பேனையால் சுற்றிக் கீறி, சட்டியின் பிடியில் ஒட்டுவேன். சத்தம் போட்டுச் சொல்லுவேன். மற்றவர்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள். பெரிய செஃப் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் சிவப்புப் பேனை ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். அவர் குடிகாரன் என்று நினைத்ததை நான் அன்றோடு மறந்துவிட்டேன், அந்த ஒன்றை மட்டும் வேண்டுமென்றே.

இது கடை. கடையில் பிழைவிட்டால் திருத்தலாம். திருத்த ஏலாத இடம் ஒன்று இருக்கிறது, அது விசா நேர்முகம்.

அகதி என்று கேட்டு வருகிறவனிடம் கேட்பது முழுக்க ஞாபகத்தைத்தான். எந்த மாதம், எத்தனை பேர், எத்தனை மணி, முதலில் அடித்தார்களா முதலில் கேட்டார்களா. கடும் மனச்சோர்வு உள்ளவனுடைய ஞாபகம் எப்படி வேலை செய்யும் என்றால், ஒரு நாளைச் சொல் என்று கேட்டால், "அப்படித்தான் வருவினம், வந்து கேப்பினம்" என்று பொதுவாகத்தான் வரும். வில்லியம்ஸ், பிராட்பென்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986 இலேயே இந்தப் பொதுப்படையான ஞாபகத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனால் கேட்கிறவருக்கு அது மழுப்பல் மாதிரித் தெரியும். 95 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு எனக்கு மழைத்தண்ணி காலில் பட்டது வரை ஞாபகம். எனக்கு அப்போது பதினைந்து வயது. ஆனால் 2008 இல் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் விசாரித்தது எந்த மாதம் என்று கேட்டால், கோயில் திருவிழாவை வைத்துத்தான் எண்ணவேண்டும். அதுவும் ஒருநாள் எண்ணியது மற்ற நாள் எண்ணினால் மாறும்.

2002 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஹெர்லிஹி என்பவரும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஏற்கனவே அங்கே தங்க அனுமதி கிடைத்த கொசோவோ, பொஸ்னியா அகதிகள். பொய் சொல்லத் தேவையே இல்லாதவர்கள். அவர்களிடம் ஒரே சம்பவத்தை இரண்டு தரம் கேட்டார்கள். விபரங்கள் மாறின. ஒரே ஆள், ஒரே சம்பவம், உண்மையான சம்பவம். ஆகவே திகதி மாறியதால் மட்டும் ஒருவன் பொய்யன் என்று சொல்ல ஏலாது.

2012 ஓகஸ்ட் 13 க்குப் பிறகு படகில் வந்த எங்களை "விரைவு வழி" என்ற முறைக்குள் போட்டார்கள். அதில் மறுத்தால் மேலே பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்காமல் பேப்பரை மட்டும் பார்ப்பார்கள். புதிதாக ஏதும் கொடுப்பதென்றால் விசேட காரணம் காட்டவேண்டும். ஒருவன் மறுப்புக் கிடைத்த பிறகுதான் உடைந்துபோய் டொக்டரிடம் போகிறான். அப்போதுதான், "உனக்கு முதலே மனச்சோர்வு இருந்திருக்கிறது, அதுதான் திகதி குழம்பியது" என்று தெரிகிறது. அந்த அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கதவு இல்லை. அந்த மேல்முறையீட்டு அமைப்பு 2024 ஒக்ரோபரில் மூடப்பட்டது. அதன் தீர்ப்புகள் மூடப்படவில்லை. 2023 இல் ஷெவ் விசாக்காரருக்கு நிரந்தர வதிவிடம் தருவதாக அறிவித்தபோது நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். என்னோடு ஒரே படகில் வந்த பெடியன் பிரிட்ஜிங் விசாவோடு அந்தப் பக்கம் நிற்கிறான். இரண்டு பேருக்கும் மறதி. என்னை நேர்முகத்தில் கேட்டவர் பொறுமைசாலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்ணூறுகளில் டெரிக் சிலோவ், சக்கரி ஸ்ரீல் என்ற சிட்னி ஆய்வாளர்கள் எங்கடை தமிழ் ஆட்களையே வைத்து ஆராய்ந்தவர்கள். யுத்தத்தில் பட்டது மட்டும் இல்லை, இங்கே வந்தபிறகு முடிவு தெரியாமல் காத்திருப்பது, திருப்பி அனுப்புவார்களோ என்ற பயம், குடும்பப் பிரிவு எல்லாம் சேர்ந்துதான் நோயாக்குகிறது என்று அப்போதே காட்டிவிட்டார்கள். 2006 இல் சிட்னியில் இருந்த மண்டேயன் அகதிகளில் பார்த்தபோதும், தடுப்பு முகாமும் தற்காலிக விசாவும் மனச்சோர்வோடு சேர்ந்தே இருந்தன. இதெல்லாம் தெரிந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆட்களைத் தொங்கவிட்டார்கள். 2024 ஓகஸ்ட்டில் மெல்பேர்ணில் மனோ யோகலிங்கம் என்ற 23 வயதுப் பிள்ளை இறந்தபோது நாங்கள் எல்லாரும் மெழுகுதிரி பிடித்தோம். சிறுவனாகப் படகில் வந்தவர். அவருடைய மனதுக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லவரவில்லை, அது எனக்குத் தெரியாது. ஆனால் இன்னும் எத்தனை பேர் அதே விசாவில் இருக்கிறார்கள் என்பது மெழுகுதிரி பிடித்த எல்லாருக்கும் தெரியும்.

விசாக் கந்தோரில் வேலை செய்கிறவர்கள் இதை வாசிக்கப்போவதில்லை. வாசிக்கப்போவது நாங்கள்தான். ஆகவே எங்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். "உவன் வேலைக்குக் கள்ளன்", "காசு அனுப்ப மறந்திட்டாராம், நல்ல நடிப்பு", "படிச்சவன் எண்டு சொல்லுறான், ஒரு போம் நிரப்பத் தெரியாது" என்று நாங்கள் கதைக்கிற கதைகளில் பாதி வருத்தக்காரனைப் பற்றிய கதைதான். என்னைப் பற்றியும் கதைத்தார்கள். நானும் வேறு ஆட்களைப் பற்றிக் கதைத்தேன். லிட்கொம்பில் ஒரே வீட்டில் எங்களோடு இருந்த ஒரு அண்ணை அடுப்பை அணைக்க மறக்கிறார் என்று நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவரை வீட்டை விட்டு அனுப்பினோம். 2015 இல். ஒருவரும் அவரிடம் "என்ன அண்ணை, நித்திரை கொள்ளுறியளா?" என்று கேட்கவில்லை. அவர் இப்போது எங்கே என்றும் எனக்குத் தெரியாது.

டொக்டர்மாருக்கும் ஒன்று. எங்கடை ஆட்களிடம் "கவலையா இருக்கா" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். தலையிடி, உடம்பு உளைவு, பெருமூச்சு, மறதி என்று வேறு கதவால்தான் இது உள்ளே வரும். கடைசியாக எப்போது ஒரு படம் முழுக்கப் பார்த்தாய் என்று கேளுங்கள்.

இதை எழுத எனக்கு ஐந்து நாள் எடுத்தது. முன்பென்றால் ஒரு இரவு வேலை. இரண்டு இடத்தில் எழுதியதையே திரும்ப எழுதி, பிறகு வாசித்து வெட்டினேன். இன்னும் எங்கேயாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படகில் என்னோடு வந்த அந்தப் பெடியன் இப்போது டண்டினோங்கில். போன கிழமை ஒரே நாளில் மூன்று தரம் எடுத்தான், மூன்று தரமும் ஒரே விசயம். மெடிகெயார் அட்டை முடிந்துவிட்டது, புது விசாக் கடிதம் வரவில்லை. சித்திரவதைக்கு உட்பட்டவர்களைப் பார்க்கிற இடத்தில் அட்டை இல்லாமலும் பார்ப்பார்கள், போ என்று சொல்லி, நானே அடித்து நேரம் எடுத்துக்கொடுத்தேன்.

"போய் என்னத்தை அண்ணை சொல்லுறது? அங்கை போனால் எனக்கு எல்லாம் மறந்துபோம்."

"அதைத்தான் சொல்லு."

வியாழன் பத்து மணி. ஒன்பது மணிக்கு அவனுக்கு அடித்து எழுப்பவேண்டும் என்று சிவப்புப் பேனையால் எழுதி, என்னுடைய கேத்திலில் ஒட்டியிருக்கிறேன்.